நீங்கலாக

ஜூலை எட்டாம் தேதி இரவு பதினொன்று நாற்பதுக்கு
ராட்டர்டாமுக்கு அனுப்பிய மடலில்
உங்கள் விலையை ஏற்கிறோம் என்று எழுத உட்கார்ந்தவன்
அக்செப்ட் இருக்கவேண்டிய இடத்தில்
எக்செப்டை உட்காரவைத்துவிட்டேன்.
இரண்டும் வாயில் ஒரே சத்தம்.
காவேரிப்பட்டணத்தில் யார் சொன்னாலும் ஒரே சத்தம்.

ஒன்று கதவைத் திறக்கிற சொல்.
மற்றது எல்லோரையும் உள்ளே விட்டு
ஒருத்தனை மட்டும் வாசலில் நிறுத்திச் சாத்துகிற சொல்.
பிழைக்குக் கீழே ஓடும் சிவப்புக் கோடு
இதற்கு ஓடாது.
மொய் எழுதிவிட்டு, பக்கத்து மண்டபத்துப் பந்தியில்
இலைபோட்டு உட்கார்ந்தவனை
யார் எழுப்புவார்கள்?

மறுநாள் பதில் வரவில்லை.
அதற்கு மறுநாளும்.
விலை உறுதியாகாமல் கேட் திறக்காது.
வெளியே பதினேழு லாரி,
சந்தூரிலிருந்தும் போச்சம்பள்ளியிலிருந்தும்
பெங்களூரா ஏற்றிக்கொண்டு,
சர்வீஸ் ரோட்டில் புளியமரம் வரைக்கும்.
மாதேசன் தார்ப்பாயை விலக்கி
ஒரு பழத்தைக் கட்டைவிரலால் அழுத்திக் காட்டினான்.
விரல் உள்ளே போனது.
லூஸ் ஆயிடுச்சு சார், என்றான்.

லூஸ் என்றால் எங்களுக்குத் தளர்ந்தது, அல்லது கிறுக்கன்.
நடுவிலிருக்கும் இரண்டு சுழியில் ஒன்றை எடுத்துவிட்டால்
இழப்பது.
அன்றைக்கு எதையும் எடுக்கவேண்டியிருக்கவில்லை,
எல்லா அர்த்தமும் எனக்குத்தான்.

கூழ் அரைக்கும் எந்திரத்தைச் சும்மா ஓடவிட்டு
அந்த இரைச்சலுக்கு மேலே மேனேஜர் முனிரத்தினம் கத்தினார்:
கேட்டியா?
கேட்டேன் சார், என்றேன்.

அவர் வினவியது
வெள்ளைக்காரனிடம் விசாரித்தாயா என்று.
நான் சொன்னது
நீங்கள் கத்தியது காதில் விழுந்தது என்று.
இங்கிலீஷ்காரன் இதற்கு மூன்று சொல் வைத்திருக்கிறான்.
ஆஸ்க் வேறு, ஹியர் வேறு, லிசன் வேறு.
அவற்றில் எதை நான் செய்யவில்லை என்று
ஒரு நொடியில் பிடித்திருப்பார்.
நமக்கு ஒன்றே சொல்.
அது பெரிய வீடு.
இரண்டு நாள் அதற்குள் ஒளிந்திருந்தேன்.

கண்டுபிடித்தது ஷாகிரா.
லேபில் சர்க்கரை அளவு பார்க்கிறவள்,
கோப்புக்காக மடலைப் பிரிண்ட் எடுத்தவள்,
கையுறையைக் கழற்றாமலே
அந்தச் சொல்லின் மேல் விரல் வைத்தாள்.
விலையை விலக்கி வைக்கிறோம்னு எழுதியிருக்கே,
வேணும்னா எழுதுனீங்க?
காகிதத்தில் மஞ்சளாக ஒரு புள்ளி.
அவள் சிரித்திருந்தால் தேவலாம்.

திருத்திய மடலைப் பதினொரு தடவை
எழுத்தெழுத்தாகப் படித்து அனுப்பினேன்.
நாற்பது நிமிடத்தில் வந்தது பதில், ஒரே வரி:
பத்தாம் தேதிக்குப் பின் அரைக்கும் சரக்கு நீங்கலாக
மற்ற அனைத்தையும் ஏற்கிறோம்.

அக்செப்டும் எக்செப்டும் ஒரே வரியில்.
இரட்டைப் பிள்ளைகளைச் சேர்த்து நிறுத்தினால்தான்
எவன் நெற்றியில் தழும்பு என்று தெரிகிறது.
காலண்டரைப் பார்த்தேன்.
பதினொன்று.

சாயங்காலம்
பதினேழு லாரியும் ஒவ்வொன்றாகத் திரும்பின.
மாதேசன் தென்பெண்ணைப் பாலத்துக்கு இந்தப் பக்கம்
சரிவில் கொட்டிவிட்டுப் போனானாம்.
வாடகையை யார் தருவார்கள் என்று
என்னைக் கேட்கவில்லை.
அவன் கேட்காதது எனக்குக் கேட்டது.

விளக்கக் கடிதத்தைத் தமிழில் எழுதச் சொன்னார்கள்,
இனி இங்கிலீஷ் வேண்டாம் என்று.
ஒரு பக்கம் வந்தது.
கடைசி வரியை
கவனித்திருந்தால் தவிர்த்திருக்கலாம்
என்று முடிக்க நினைத்து அடித்தேன்.
கையெழுத்துப் போடும்போது பார்க்கிறேன்,
ஓர் எழுத்து விட்டுப்போயிருக்கிறது.
கவனித்திருந்தால் தவித்திருக்கலாம்.

சிவப்புக் கோடு இல்லை.
முனிரத்தினம் படித்துவிட்டுத் தலையாட்டிக் கோப்பில் வைத்தார்.
நானும் திருத்தவில்லை.