வழமையான இடம்

"ஞாயிறு பின்னேரம், வழமையான இடம்,
அனைவரும் வருக" என்று
நான்தான் அனுப்பினேன்.

பதினேழு பேர் வந்தோம்.
இரண்டு கரம்போர்ட், தேத்தண்ணி, ஒரே சத்தம்.

பழைய பள்ளிக்கூட வாசலில்,
ஓல்டனுக்கு வந்து மூன்று கிழமையான துஷ்யந்தினி
மழைக்குள் பூட்டிய கதவைத் தட்டிக்கொண்டு நின்றாளாம்,
கையில் ஒரு தட்டு றோல்ஸோடு.
அவளுக்கு எது வழமை?

இந்த முறை எழுதுகிறேன்:
ஒக்டோபர் 12, ஞாயிறு, பின்னேரம் மூன்று மணி.
ஸ்டேஷனிலிருந்து பஸ், நாலாவது தரிப்பு.
பச்சைக் கதவு. மணி வேலை செய்யாது,
பலமாகத் தள்ளவும்.

"என்ன இவ்வளவு நீட்டு?" என்கிறார் பொருளாளர்.

ஒன்றையும் அழிக்கவில்லை.
கீழே இன்னும் சேர்த்தேன்:
வழி தெரியாவிட்டால் எனக்கு எடுங்கள்,
ஸ்டேஷனுக்கு வருவேன்.
றோல்ஸ் இருந்தால்
இன்னும் கெதியாக.