அழுக்கு தேவை

அல்மாட்டியில், ரயில் பாதைக்குப் பின்னால்,
ஜனார் கம்பளம் கழுவுகிறாள்.
முக்காலியில் கைபேசி,
அதற்கும் ஒரு பிளாஸ்டிக் மழைச்சட்டை.

முதல் மூன்று விநாடிக்குள் கறுப்புத் தண்ணீர் ஓட வேண்டும்.
இல்லையென்றால் எங்கோ ஒரு கட்டைவிரல்
தள்ளிவிட்டுப் போய்விடும்.
விலைபோகாத நாற்பது வீடியோக்கள்
சொல்லிக்கொடுத்த பாடம் இது.

வெள்ளம் புகுந்த நிலவறையிலிருந்து வந்ததை
ஆறு லட்சம் பேர் பார்த்தார்கள்.
பிரேசிலில் தூக்கம் வராதவர்கள்,
கொரியாவில் இரவுக் காவலாளிகள்.
அவர்கள் யாரும் அவளிடம்
கம்பளம் கொண்டுவரப் போவதில்லை.

அடுத்த வாரம் வந்ததெல்லாம் சுமாரான அழுக்கு.
தேநீர்க் கறை. பூனை முடி.
எண்ணிக்கை விழுந்தது.

அப்புறம்தான் தவுரென்
அவர்களுடைய கல்யாணக் கம்பளத்தை முற்றத்தில் விரித்து
இரண்டு வாளி சேறு ஊற்றினான்,
கொஞ்சம் என்ஜின் ஆயிலும்.
"இந்த மூலையில் இன்னும்" என்றாள் ஜனார்,
வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே.
ஒன்பது லட்சம்.

வெள்ளிக்கிழமை எதிர்த்தெரு ரைசா வந்தாள்,
சுருட்டிய கம்பளத்தைத் தோளில் சுமந்து.
கணவன் கடைசி மாதம் முழுக்கப்
படுத்துக் கிடந்தது இதில்தான்.
"எவ்வளவு ஆனாலும் தருகிறேன்.
படம் மட்டும் பிடிக்காதே."

ஜனார் விரித்துப் பார்த்தாள்.
கை ஒருமுறை முக்காலிப் பக்கம் போனது.
எப்பேர்ப்பட்ட அழுக்கு!

கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள்.
தண்ணீர் கறுப்பாய் ஓடியது,
வெகுநேரம் கழித்துப் பழுப்பாய்.
மார்ச் குளிரில் கைகளைக் கட்டிக்கொண்டு
ரைசா ஒருத்தி மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்,
கடைசி வரை.