சிரமம்

ஞாயிற்றுக்கிழமை, கொழிஞ்சாம்பாறை.
ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சில்
முட்டி இடிக்க உட்கார்ந்து
மலையாளம் படிக்கிறோம் பதினோரு பேர்.
அரிசி மில் ஒடிஷாக்காரன் சுதாம், பத்தொன்பது வயசு.
எருமை வியாபாரி ஆறுச்சாமி, அறுபத்தெட்டு.
மருமகள் பேசுவது புரியவில்லை என்று சேர்ந்தவர்,
புரியத் தொடங்கியதும் நின்றுவிட்டார்.
இரண்டு வாரம் கழித்துப்
பேத்தியின் ரப்பரோடு திரும்பி வந்தார்.

ரம்ஷீனா டீச்சர் பட்டாம்பிக்காரி,
என் மகளைவிட இரண்டு வயசு இளையவள்.
முதல் நாள் ஒரு கேள்வி கேட்டு
"மறுபடி?" என்றாள்.
அந்தக் கேள்வியையே எல்லாரும்
மறுபடி சொன்னோம்.
மேசையில் தலை கவிழ்த்துச் சிரித்தாள்.
அவள் ஊரில் மறுபடி என்றால் பதில்.
அன்று அவளும் நோட்டில் எழுதிக்கொண்டாள்
எங்கள் அர்த்தத்தை.

போன மாசம் பாடம் பதினான்கு.
பலகையில் ஒரு சொல் எழுதிக் கோடு போட்டாள்: ஶ்ரமிக்குக.
சுதாமை எழுப்பி
ஜன்னலின் துருப்பிடித்த கொக்கியைக் காட்டினாள்.
இழுத்தான். வரவில்லை.
"ஶ்ரமிக்கு, ஶ்ரமிக்கு."
மறுகையும் போட்டு இழுத்தான்.
திறந்துகொண்டது. பலகை முழுக்க வெயில்.
முயற்சி செய் என்று அர்த்தமாம்.
பத்துப் பேரும் எழுதினார்கள்.
என் பென்சில் எழுதவில்லை.

பதினோரு வருசத்துக்கு முன்னால்
கள்ளுக்கு ஏறிய தென்னையிலிருந்து விழுந்தான் மாசிலாமணி.
திருச்சூர் பெரியாஸ்பத்திரி.
முழங்கைப் படத்தை வெளிச்சத்தில் பிடித்து
டாக்டர் என்னென்னவோ சொன்னார்.
கடைசியில், "ஶ்ரமிக்காம்."
எனக்குப் பொள்ளாச்சிப் பக்கத்துக் காது.
டாக்டரே சிரமம் என்றுவிட்ட பிறகு
அங்கே படுத்துக்கிடந்து என்ன ஆகப்போகிறது?
ராவோடு ராவாக பஸ் ஏற்றினேன்.
முட்டை வெள்ளைக்கரு, உளுந்து மாவு, மூங்கில் பத்தை.
கட்டுப் பிரித்தபோது
எதையோ ஏந்தியது போலவே நின்றுவிட்டது கை.

இப்போது கோபாலபுரம் செக்போஸ்ட்டில்
அந்த மடிப்பில்தான் லாட்டரிக் கட்டைச் சொருகியிருக்கிறான்.
தமிழ்நாட்டு வண்டிகள் நின்று வாங்கிப் போகும்.

அன்று ராத்திரி சோறு போடாமல் சொன்னேன்.
டாக்டர் முடியாது என்று சொல்லவில்லை,
பார்க்கலாம் என்றுதான் சொல்லியிருக்கிறார்,
கையைக் கெடுத்தது நான்தான் என்று.
அவன் விற்காத டிக்கெட்டை எண்ணிக்கொண்டிருந்தான்.
எண்ணி முடித்து ரப்பர் பேண்ட் போட்டு
"தெரியும்" என்றான்.

"நாலு வருசம் மலையாளத்தான் தோப்புல மரம் ஏறுனவன்,
எனக்கா தெரியாது?
தகடு வச்சுத் திருகாணி முடுக்கணும்னான்.
பயம்.
நீ சிரமம்னு அழுதே.
சரி, அப்படியே இருக்கட்டும்னு இருந்துட்டேன்."

பதினோரு வருசம்
தினமும் எண்ணெய் தேய்த்துவிட்ட கை.
மூன்று நாள் அவனோடு
எந்தப் பாஷையும் பேசவில்லை நான்.

அடுத்த ஞாயிறு பரீட்சை.
அந்தச் சொல்லை வைத்து வாக்கியம் அமைக்க.
"என்டெ புருசன் ஶ்ரமிச்சில்லா" என்று எழுதினேன்.
டீச்சர் புருசனை மட்டும் அடித்து
பர்த்தாவு என்று திருத்தினாள்.
மற்றதெல்லாம் சரியாம்.

அவனுக்குப் பேசத்தான் வரும், படிக்க வராது.
சிவப்பு டிக்கைக் காட்டி
என்ன இது என்று கேட்டான்.
வாசித்தேன்.
வெளியே கேரளா பஸ் ஒன்று திணறித் திணறி
வளைவில் ஏறுவது கேட்டது.
"மறுபடி?" என்றேன்.
அதை எந்தப் பாஷையில் கேட்டேன் என்று
நானும் சொல்லவில்லை, அவனும் விசாரிக்கவில்லை.
வளைந்த கையால் நோட்டைத் தன் பக்கம் இழுத்தான்.
இதில் என் பேர் எங்கே, காட்டு என்றான்.
பேர் எழுதவில்லை, பர்த்தாவு என்றுதான் இருக்கிறது என்றேன்.
"எழுது" என்றான்.