வெள்ளிக்கிழமை நோட்டீஸ்

சமாதானபுரத்தில் எங்கள் ஆப்செட் பிரஸ்.
காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி.
பதினாறு வருஷத்தில்
என்னோடு குடித்த ஏழு பேருக்கு
நானே போஸ்டர் அடித்திருக்கிறேன்.
கொம்பையாவுக்குத் தனிப்படம் கிடைக்காமல்
கோயில் கொடையில் எடுத்ததிலிருந்து வெட்டினோம்;
பக்கத்தில் நின்ற மனைவியின் தோள்
கொஞ்சம் கூடவே வந்துவிட்டது.

ரோலர் துடைக்க எடுத்த கழிவுத் தாள்களில்
ஒருநாள் காலை அது இருந்தது.
'குடி உங்கள் கையை மீறிவிட்டதா?
வாருங்கள். கட்டணம் இல்லை. பெயர் போதும்.'
மஞ்சள் தாள்.
போன ஐப்பசியில் நான் அடித்த ஐநூறில் மிச்சம்.
அடித்த அன்று நிதானத்தில் இல்லை.
இப்போது படிக்கையில்
தாள் ஆடியது, காற்றே இல்லை.

வெள்ளி, மாலை ஏழு மணி என்றிருந்தது.
மனைவியிடம் பேப்பர்க் கட்டு எடுக்கப் போவதாகச் சொன்னேன்.
குடிக்கப் போகும்போதும் அதே பொய்தான்;
அவள் முகமும் அதே முகம்.
முருகன்குறிச்சிக்கு நேர்வழியில் இரண்டு கடை,
இரண்டிலும் என்னிடம் சில்லறையை எண்ணாமல் வாங்குவார்கள்.
சுற்றிக்கொண்டு போனேன்.

பள்ளிக்கூட கேட்டில் வாட்ச்மேன் வியாகப்பன்
தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
'நீரும் வெள்ளிக்கெழம நோட்டீஸா?'
'ஏம்வே?'
'கூட்டம் செவ்வாய்க்கெழமைல்லா.
எந்தக் குடிகாரப் பய அடிச்சானோ,
கெழமைய மாத்திப்புட்டான்.'

ஐநூறு தாள்.
எத்தனை பேர் இந்த கேட்டுவரை வந்து,
பூட்டைப் பார்த்து,
திரும்பும்போது நேர்வழியில் போயிருப்பார்கள்?
நானும் திரும்பினேன்.

'போவாதீரும். மேல மூணு பேரு இருக்காவ.
மொத வெள்ளி வந்து ஏமாந்து
படியில உக்காந்தவுக.
பேசிக்கிட்டே கெடந்தாவ, லைட்டை அணைக்கணும்னேன், கேக்கல.
அன்னையிலருந்து வெள்ளியும் உண்டும்.'

ஐந்தாம் வகுப்பு ஆ பிரிவு.
முழங்கால் இடிக்கும் பெஞ்சு.
கரும்பலகையில் ஏழாம் வாய்ப்பாடு
நாற்பத்தொன்பதோடு அழிந்திருந்தது.

மேலப்பாளையம் மைதீன் பிச்சை, பீடி ஏஜெண்ட்,
நூற்றுப் பதினொரு நாள்.
இட்லிக்கடை இசக்கித்தாய், முப்பது.
புருஷனுக்காக வந்தவள் என்று நினைத்தேன்;
தனக்காகத்தான்.
மூன்றாவது ஆள் பெயரைச் சொன்னார்,
நாளைச் சொல்லாமல் அழுதார்.
யாரும் தேற்றவில்லை.
சுக்குக்காப்பி டம்ளர் ஒன்று
அவர் பக்கம் நகர்ந்தது.

என் முறை.
'சேர்மத்துரை' என்றேன்.
குடிகாரன் என்று சொல்ல வாயெடுத்தால்
'வெள்ளிக்கிழமைன்னு அடிச்சவன்' என்று வந்தது.

சத்தமே இல்லை.
பிறகு இசக்கித்தாய் சிரித்தாள்.
'நாசமாப் போறவனே,
அம்புட்டுக் கொசுக்கடியில படியில உக்கார வச்சியே!'
மைதீன் பிச்சை சிரிக்கவில்லை.
'செவ்வாய் எனக்கு வசூல் நாளு.
நீரு சரியா அடிச்சிருந்தா
நான் வந்திருக்கவே மாட்டேன்' என்றார்.

அதை மன்னிப்பாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.
படியில் உட்காராமல் போனவர்களின் கணக்கு
யாரிடமும் இல்லை.
அவர்களில் எவருக்காவது பிறகு நானே
கறுப்புக் கட்டம் போட்டிருக்கலாம்.

நடுவில் ஆனித் தேரன்று வழுக்கினேன்.
மறுபடி ஒன்றிலிருந்து எண்ணி
இன்று இருபத்தாறு.
அடுத்த ஐநூறுக்கு ஆர்டர் வந்திருக்கிறது.
ப்ரூஃப் நான் பார்ப்பதில்லை,
இசக்கித்தாய் எழுத்துக்கூட்டிப் பார்க்கிறாள்,
கிழமை வந்ததும் விரலை எடுக்காமல்.

மிச்சமிருந்த பழைய தாள்களைத் துடைக்கக் கொடுக்கவில்லை.
ஒவ்வொன்றிலும் பேனாவால்
'செவ்வாயும்' என்று சேர்த்திருக்கிறேன்.
கடைசி எழுத்து மட்டும்
எல்லாவற்றிலும்
கொஞ்சம் நடுங்கியிருக்கிறது.