சிவப்புச் சீட்டின் பின்பக்கம்

பாயான் லெப்பாசில் என் வேலை
குறை காண்பது.
நுண்நோக்கியின் கீழே சில்லுகள் வரும்.
ஒரு கீறல், ஒரு துணுக்கு, தூசியின் தூசி
கண்டதும் ஒட்டிவிடுவேன் சிவப்புச் சீட்டு.
பதினோரு வருடம்.
இவள் மேசையைத் தாண்டிப் பழுது போனதில்லை என்று
சான்றிதழ்கூடத் தந்தார்கள்,
லோசனி என்பதில் ஓர் எழுத்தை விட்டுவிட்டு.
அதையும் நான்தான் கண்டுபிடித்தேன்.

கண் வீட்டுக்கும் கூடவே வந்தது, அதுதான் வம்பு.
தருணேஷின் காலரில் மடிப்பு,
குழம்பில் ஒரு கல் உப்பு கூடுதல்,
கணவர் சிரிப்பில் அரை நொடி தாமதம்.
படுத்தால் மேலே சுண்ணாம்பில் விரிசல்.
அதை மறக்கக் கைப்பேசி,
அதில் யாரோ ஒருத்தியின்
எண்ணெய்ப் பிசுக்கே இல்லாத சமையலறை.
மணி இரண்டு. இரண்டரை.

ஜெலுத்தோங் கிளினிக்கில் டாக்டர் ஓங்
மாத்திரை எழுதவில்லை.
நடங்க, தூங்குங்க, போனைத் தள்ளி வையுங்க
என்று மலாயில் சொன்னார்.
இதைச் சொல்ல முப்பத்தைந்து வெள்ளியா?
படி இறங்கும்போதே அவருக்கும் ஒரு சீட்டு ஒட்டினேன்.

ஆனால் கொடுத்த காசு வீணாகக் கூடாதே.

ஒன்பதரைக்குக் கைப்பேசி அரிசி டின்னுக்குள் போனது.
முதல் வாரம் டின் உறுமியது,
ஐந்து கிலோ அரிசியும் சேர்ந்து நடுங்கியது.
நாலாவது இரவு எழுந்துபோய்த் தோண்டினேன்:
மஸ்லினா அனுப்பிய பூனைப் படம்.
நகக்கண்ணில் வெள்ளையாய் அரிசித் தூள்.
கழுவிவிட்டு வந்து படுத்தேன்.
வெட்கம் வந்தது, பின்னாலேயே தூக்கமும்.

ஆறேகாலுக்குத் தொழிற்சாலை வேன்.
அதற்கு முன் கடலோரப் பாதை,
அணையாத விளக்குகளோடு அக்கரை வரை நீளும் பாலம்,
கைதட்டிக்கொண்டே பின்னோக்கி நடக்கும் ஒரு சீனர்.
எதிலாவது மோதுவார் என்று
இருபது நாள் காத்திருந்தேன்.
மோதவில்லை.
இருபத்தோராம் நாள் நானும் நாலடி
பின்னால் நடந்து பார்த்தேன்.
அவர் தலையசைத்தார், கை தட்டுவதை நிறுத்தாமல்.

அன்றுதான் சட்டைப் பையில் கிடந்த ஒரு சீட்டைத் திருப்பி
பின்பக்கம் எழுதினேன்,
ஒட்ட வேண்டாத ஒன்றை.
ஒரு நாளுக்கு ஒன்றுதான், அதுவே மலையாக இருந்தது.
'இன்று மழை இல்லை.'
அடித்தேன். அதெல்லாம் ஒரு செய்தியா.
'ரொட்டி சானாய்க் கடைக்காரர்
மாவை வீசும்போது மூச்சை நிறுத்துகிறார்.'
இதை விட்டுவைத்தேன்.

பிறகு ஒரு புதன்கிழமை
நுண்நோக்கியில் வந்த கீறல்
கொடிமலை ரயில் ஏறும் ஒற்றைத் தடம்போல்
மேலே, மேலே போய்
எங்கோ பனியில் மறைந்தது.
ஒரு நிமிடம் அதிகமாகப் பார்த்துவிட்டேன்.
சூப்பர்வைசர் திரும்பினார்.
சீட்டை ஒட்டினேன், வேலை வேலைதான்.
இன்னொரு சீட்டைப் பைக்குள் வைத்தேன்.

ரப்பர் வளையம் போட்ட கட்டு
இப்போது கட்டைவிரல் தடிமன்.
நேற்று தருணேஷ் அதை உருவினான்.
"என்னம்மா, வீட்டுலயும் ரிஜெக்டா?"
திருப்பினான். சத்தமாகப் படித்தான்:
'அவர் சிரிப்பு அரை நொடி தாமதம்.
அதற்குள் கண் சிரித்து முடித்துவிடுகிறது.'
கூடத்தில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தவர்
ஒன்றும் சொல்லவில்லை.
அரை நொடி.

இன்று நடக்கவில்லை, விடாத மழை.
எழுதவும் ஒன்றும் அகப்படவில்லை.
பத்தேகால் வரை கைப்பேசி என் கையில்தான்.
அரிசியும் தீர்ந்துவிட்டதா,
வெறும் டின்னில் போட்டதும்
டணார் என்று
மூன்றாம் மாடி முழுக்க எழுந்துகொண்டது.