வலது கைக்கு மட்டும்

"பையனுக்காமா?" என்றார் இலியாஸ்.
எனக்கு, என்றேன்.
கண்ணாடிப் பெட்டிக்குள் விட்ட கை
ஒரு நொடி அங்கேயே நின்றது.

பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மாடியில்,
செல்போன் உறைகள் தோரணம் கட்டிய சந்தில்
அந்தக் காலத்து வீடியோ கேமை
உள்ளங்கைப் பெட்டியில் விற்கிறவர் இவர் ஒருவர்தான்.
என்னிடம் மூவாயிரத்து ஐநூறு இருந்தது.
மேல்விஷாரம் ஷூ கம்பெனியில்
இரண்டு மாத ஓவர்டைம், மருந்துச் சீட்டு போக.

முதலில் ஒரு மஞ்சள் நிறம்.
"பத்தாயிரம் கேம் கீதுமா உள்ள."
தள்ளித் தள்ளிப் பார்த்தேன். ஒரே கார்
ஒன்பது பெயரில் ஓடிக்கொண்டிருந்தது.
தையல் விட்ட ஜோடியை ஒதுக்குகிற மாதிரி
ஒற்றை விரலால் ஓரம் தள்ளினேன்.
அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்தது இரும்பு உடம்பு, நல்ல கனம்,
நாலாயிரத்து எண்ணூறு. எட்டாது.
எட்டினாலும் சார்ஜ் மூன்று மணி நேரந்தானாம்.
நாலு வேணும், என்றேன்.
"அதின்னாமா கணக்கு, நாலு?"

முந்தானையை விலக்கி இடது முழங்கையைக் காட்டினேன்.
கயிறு முறுக்கியது போல் புடைத்த நரம்பு.
தொட்டால் உள்ளே தையல் மெஷின் ஓடும்.
செவ்வாய், வியாழன், சனி.
இரண்டு ஊசி, நாலு மணி நேரம்,
இந்தக் கை அசையக் கூடாது.

ஊர் ஊராய் வியாதியோடு வந்து
வழி கேட்கிற ஊர் இது.
ஐயோ என்று சொல்லிச் சொல்லிக்
கடைக்காரர்களுக்கு வாய் வலித்திருக்கும்.
இலியாஸ் அதைச் சொல்லவில்லை.
தன் இடது கையைப் பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.
வலது கையால் மட்டும் ஆடிப் பார்த்தார்.

செத்தார்.
திசை எல்லாம் இடது பக்கம்,
சுடுவதும் குதிப்பதும் வலது.
ஒரு கையோடு நின்ற இடத்திலேயே
நாள் முழுக்கக் குதிக்கலாம்,
முன்னால் ஓர் அடி வைக்க முடியாது.
அது எனக்குத் தெரிந்த விளையாட்டுதான்.

மேஜைக்கு அடியிலிருந்து ஒரு சாம்பல் நிறம் வந்தது.
காட்பாடிக் கல்லூரிப் பையன் பரீட்சைக்குப் பயந்து விற்றது,
மூலையில் கீறல்,
ஆனால் வலது பக்கமும் ஒரு குமிழ் இருந்தது.
செட்டிங்குக்குள் போய்த் திசையை அதற்கு மாற்றினார்,
குதிப்பதை ஆள்காட்டி விரலுக்கு.
மூன்று முறை பள்ளத்தில் விழுந்தார்.
பாக்கெட்டில் இருந்த கை துடித்தது, எடுக்கவில்லை.
நாலாவது முறை பாலத்தைத் தாண்டிவிட்டு
என்னைப் பார்த்த பார்வை,
ஆம்பூர்வரைக்கும் போய்த் திரும்பியவர் பார்வை.

மூவாயிரத்து இருநூறு. புது பேட்டரி நூற்றைம்பது.
"பில்லுக்குப் பேர்?"
பூங்காவனம்.
மீதி, பஸ்ஸுக்கும் அரை கிளாஸ் டீக்கும்.

வியாழக்கிழமை.
மூன்றாம் கட்டம் முழுக்கத் தண்ணீர்.
எனக்கு ஒரு நாளைக்கு எழுநூறு மில்லி,
பாலாறு மாதிரி மணலைக் காட்டிக்கொண்டு கிடக்கிறேன்.
பொம்மை முங்கி முங்கி நீந்துகிறது.
அதற்கு அளந்து ஊற்ற யாரும் இல்லை.
அதை அங்கேயே கொஞ்ச நேரம் விட்டுவைத்தேன்,
எதிரியே வராத ஒரு மூலையில்.

"யாரு மெஷின் கத்துது?" நர்ஸ் ஓடி வந்தாள்.
என் கேம்தான்.
அன்றிலிருந்து இயர்போன்.

பக்கத்துக் கட்டில் தேசிங்கு, குடியாத்தத்துக்காரர்.
மூன்று வாரமாய்க் கூரையை எண்ணிக்கொண்டிருந்தவர்
இப்போது என் திரையை எண்ணுகிறார்.
"எனக்கு ஊசி வலது கையிலமா," என்றார்,
கேட்காத கேள்விக்குப் பதில் போல.

செட்டிங்கைத் திறந்தேன்.
திசையை இடது பக்கம் திருப்பிவிட்டு,
மூன்று உயிர், போனால் உடனே திருப்பித் தரணும் என்று
நர்ஸ் கையில் கொடுத்து அனுப்பினேன்.

முதல் பள்ளத்திலேயே விழுந்தார்.
"இன்னும் ரெண்டு கீதில்ல?" என்றார்.