ஒன்றரை மணங்கு எறும்பு

படிவத்தில் பதினேழு கட்டங்கள்.
கட்டிய ஆண்டு: தெரியவில்லை.
கட்டியவர்: தெரியவில்லை.
தாங்கும் பாரம்:
இதைத்தான் கோட்ட அலுவலகம்
வெள்ளிக்கிழமைக்குள் கேட்கிறது.

ஏற்காட்டுக்கு ஏறும் பழைய பாதையில்
எட்டாவது வளைவைத் தாண்டி
ஒரே வில்லாய் ஓடையைத் தாவி நிற்கிறது பாலம்.
மேலே சில்வர் ஓக் ஏற்றிய லாரி
முதல் கியரில் முனகிப் போகிறது.
கீழே நான்,
முழங்கால் தண்ணீரில், மஞ்சள் தொப்பியோடு,
கையில் அரைக் கிலோ சுத்தியல்.

முதல் வரிசை, ணங்.
இரண்டாம் வரிசை, ணங்.
ஏணியைப் பிடித்திருக்கும் சாலைப் பணியாளர் இளையப்பன்
கோயில் மணிக்குப் போல் தலையாட்டுகிறார்.
மூன்றாம் வரிசை, வடக்குக் கரையோரம்,
பொத்.

காரையில் விரல் புதைந்தது.
மாவாக உதிர்ந்து மணிக்கட்டில் வழிந்தது.
மற்ற இணைப்பெல்லாம்
கல் எது காரை எது என்று தெரியாமல் இறுகிக் கிடக்க
இந்த நான்கு முழத்துக்கு மட்டும் என்ன வந்தது?

சேலத்துப் பதிவறையில்
கரையான் மிச்சம் வைத்த பேரேடு ஒன்று.
கணக்கர் தாமோதர முதலியின் எழுத்து,
மழைக்கு எதிரே நடப்பவரைப் போலச் சாய்ந்து.

ஓபுளப் போயன் வகையறா, கல் உடைக்க, நாள் கூலி நாலணா.
சுண்ணாம்புச் செக்குக்கு மாடு ஒரு ஜோடி.
கடுக்காய் பன்னிரண்டு மூட்டை.
காய்ச்சலில் படுத்தவர் ஒன்பது பேர், கூலி இல்லை.
அடுத்த வாரம் காய்ச்சல், ஏழு பேர்.
அந்த இரண்டு பேர் எழுந்தார்களா,
புதைத்தார்களா?
அவரிடமும் அதற்குக் கட்டம் இல்லை.

பிறகு, ஆடிப் பெருக்குக்கு முந்தின நாள்:
‘வெல்லம் குறைவு, ஒன்றரை மணங்கு.
காரணம், எறும்பு.’

ஒன்றரை மணங்கு என்றால் பதினேழு கிலோ.
சேர்வராயன் மலை எறும்பு மொத்தமும்
வரிசை கட்டி வந்தாலும்
ஒரு வாரத்தில் தூக்கி முடியாது.

அதே பக்கத்தின் அடியில் செக்கடி ஆட்கள்:
கங்கி, வயது ஏழு, மாடு ஓட்ட.
நாகுலு, வயது ஆறு, மாடு ஓட்ட.
‘கூட வரும் குழந்தை ஒன்று’, கூலி இல்லை.
முன்பக்கம் திருப்பினால்
பாதை சரிந்து
மலைக்கு அரிசி ஏறாத பன்னிரண்டு நாள்.

பாதி உறங்கும் மாட்டின் பின்னால்
சுற்றிச் சுற்றி வந்த மூன்று வாய்கள்.
கலவையில் விழ வேண்டிய கட்டி
கன்னத்துக்குள் கரைந்திருக்கிறது.
துரைக்கு வழி தெரிந்திருந்தால்
ஓபுளப் போயன் முதுகுத் தோல் உரிந்திருக்கும்.
முதலி பேனாவை மையில் தோய்த்தார்.
அந்தப் பக்கத்தில்
எறும்பு என்ற சொல் மட்டும்
சாயாமல் நிற்கிறது.

அவர்கள் தின்றது போக மிஞ்சியதில்தான்
இத்தனை வருடம்
காப்பி மூட்டை, கல்யாணப் பேருந்து,
தேன்நிலவுக் கார்கள், பிரசவ ஆம்புலன்ஸ்
எல்லாம் போயிருக்கின்றன.

பாரம்: பத்து டன்.
பழுது: மூன்றாம் வரிசை, வடக்கு.
காரணம்:
“மழைத்தண்ணி ஊறிடுச்சுன்னு போடுங்க மேடம்,
யாரும் கேக்க மாட்டாங்க.”
நான் முதலி எழுதியதையே எழுதினேன்.

பத்தாம் நாள் கோப்பு திரும்பியது.
ஓரத்தில் பச்சை மையில் ஒரு வரி:
‘பூச்சி மருந்து அடிக்க மதிப்பீடு அனுப்பவும்.’
அனுப்பினேன்.
கூடவே சுண்ணாம்பு, கடுக்காய், வெல்லம் பதினேழு கிலோ.

செவ்வாய்ப்பேட்டையில் வாங்கி
பைக்கில் மலையேற்றி வந்தார் இளையப்பன்.
எடை போட்டேன்.
இருநூறு கிராம் குறைந்தது.
அவர் ஓடையைப் பார்த்தபடி
எதையோ கன்னத்தின் மறுபக்கத்துக்கு மாற்றினார்.

பேனா மூடியைக் கழற்றினேன்.